இறங்கத் தெரியாதவள்

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும், இறங்கத் தெரியாது. இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்குக் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். அண்ணன் தூங்கும் மத்தியான நேரத்தில் அவன் சைக்கிளைக் களத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் ஓட்டிப் பழகியவள். உரல் மேல் ஏறி நின்று, பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு உட்காருவேன். களத்தைச் சுற்றிச் சுற்றி வருவேன். போதும் என்று தோன்றினால் நேராக வைக்கோல் போரில் கொண்டுபோய் மோதுவேன். நான் இறங்கிய லட்சணம் அவ்வளவுதான்.

கொல்லங்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் என் வீட்டுக்காரரும் அதே பைத்தியம். அப்போது எங்கள் பக்கம் மலபார் ஜில்லா, மதராஸோடு சேர்ந்திருந்தது. கேரளம் என்று பின்னால்தான் ஆயிற்று. கல்யாணமான புதிதில், சமையலறைப் பக்கம் யாருமில்லாத நேரம் பார்த்து வந்து, "ஏம்புள்ள, நீ சைக்கிள் ஓட்டுவியாமா?" என்று கேட்டார். யாரோ வத்தி வைத்துவிட்டார்கள் என்று பயந்துவிட்டேன். "இல்லீங்க" என்றேன். "அடடா, ஓட்டுவீன்னு நெனச்சு ஆசையா இருந்தனே" என்றார். மனுஷன் முகம் அப்படியே வாடிப்போனது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நிஜத்தைச் சொன்னேன்.

எங்களுடையது பெரிய குடும்பம். பெரியவர்கள் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிற வழக்கமில்லை. சோறு போடும்போதுகூட அவர் தட்டைப் பார்ப்பார், நான் கரண்டியைப் பார்ப்பேன். எங்களுக்கென்று இருந்தது தென்னந்தோப்புக்குப் போகிற அந்த விடிகாலை வழி ஒன்றுதான். வீட்டிலிருந்து அவர் ஓட்டுவார், நான் கேரியரில் உட்காருவேன். ஊர் தாண்டி வாய்க்கால் பாலம் வந்ததும் இடம் மாறிக்கொள்வோம். நடவுக்கு இறங்குகிறவள்போல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஸீட்டில் ஏறுவேன். அவர் கேரியரில் உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொள்வார். நிறுத்த வேண்டுமென்றாலும் அவர் கால்தான். அவர் ஊன்றுவார், நான் இறங்குவேன். இப்படி ஒருத்தர் இருக்கும்போது நான் எதற்கு இறங்கப் பழக வேண்டும்?

அந்த வழியில்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். சண்டை போட்டால்கூட ஒரே சைக்கிளில்தான் போயாக வேண்டும். முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஆளோடு எத்தனை நேரம் பேசாமல் வருவது? தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயில் பாதி செயினுக்குப் போனது. என் சேலை ஓரங்களில் கறுப்புக் கறை. "அடுப்புக் கரி இப்படியா மினுங்கும்?" என்று மாமியார் சேலையைத் தூக்கிப் பிடித்துக் கேட்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு தேய்த்துத் தேய்த்துத் துவைப்பேன். அது இனிப்பான வெட்கம். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேறு.

தை மாதத்தில் எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து பேய் மாதிரி அடிக்கும். தோப்பு இருந்தது கிழக்கே. போகும்போது மல்லுக்கட்டி மிதிக்க வேண்டும், வரும்போது மிதிக்கவே வேண்டாம். போகிற வழியில் தினமும் எதிரே ஒரு ஜோடி வரும். சேரியைச் சேர்ந்தவர்கள். எங்கள் வயலில் அறுப்புக் காலத்தில் வேலை செய்வார்கள், மற்ற நாளில் புல் அறுத்துக் கொல்லங்கோட்டுக்குக் கொண்டுபோய் வண்டிமாட்டுக்காரர்களுக்கு விற்பார்கள். மட்கார்ட் இல்லாத பழைய சைக்கிள். கேரியரில் புல்லுக்கட்டு, பாரில் அந்தம்மா. ஆள் கண்ணுக்குத் தெரியும் முன்பே காற்று அவர்கள் பேச்சைக் கொண்டுவந்துவிடும். அந்தம்மா ஏதோ கேலி செய்வாள், அந்த ஆள் சிரிப்பார். அட, நம்மைப் போலவே ஒரு ஜோடி என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும்.

பக்கத்தில் வரும்போது பார்த்தால் இரண்டு பேரும் இறங்கி ஓரமாக நிற்பார்கள். தினமும் அப்படித்தான். செயின் கழன்றுவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று நினைப்பேன். ஒருநாள் அவரிடம், "ஏனுங்க, அந்தாளுக்கு ஒரு நல்ல செயின் வாங்கிக் குடுக்கக் கூடாதுங்களா? நித்தம் நித்தம் களந்துக்குது" என்றேன். "முன்னால பாத்து மிதி புள்ள" என்றார். காற்றில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது.

தோப்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். முதுகில் காற்று. சைக்கிள் தானாகவே பறந்தது. பாலத்துக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தது. பனைமர வரிசை திரும்புகிற இடத்தில் எதிரே என் மாமனார். தனியாக அல்ல. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெரியவர்கள் இரண்டு பேருக்குத் தோப்பைக் காட்ட அழைத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் காலத்து வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். வழியில் பெரியவர்கள் எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவர் இறங்க வேண்டும். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று, அவர்கள் போன பிறகுதான் ஏற வேண்டும். எழுதிவைத்த சட்டமில்லை. சட்டத்தைவிடக் கெட்டியானது.

"அய்யோ, எங்கய்யன்!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். அதோடு கேரியரில் பாரம் இல்லை. குதித்துவிட்டார்! அப்பாவைக் கண்டதும் சைக்கிளிலிருந்து குதித்தே வளர்ந்த உடம்பு. மூளை யோசிக்கும் முன்பே கால் தரைக்குப் போய்விட்டது. அவர் அங்கே கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். நான் இங்கே ஸீட்டில் இருக்கிறேன். பாரம் குறைந்த சைக்கிள் இன்னும் வேகமாகப் பாய்கிறது.

பிரேக்கைப் பிடித்தால் விழுவேன். முழங்கால்வரை சேலை செருகிய கோலத்தில், வெளியூர்ப் பெரியவர்கள் பார்க்க, மாமனார் காலடியில் போய் விழுவதா? என்ன செய்வதென்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வாங்க மாமா, வாங்க!"

வீட்டு வாசலில் நின்று விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே மூன்று பேரையும் கடந்து போனேன். பாலத்தைத் தாண்டினேன். கோயிலைத் தாண்டினேன். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஊர் முழுக்க என் முழங்காலைப் பார்த்தது. கடைசியில் எங்கள் வாசலுக்குள் நுழைந்து, மாமியார் கண் முன்னால், வைக்கோல் போரில் மோதி விழுந்தேன். மானம் கப்பலேறியது என்பார்களே, என்னுடையது சைக்கிளில் ஏறிப் போனது.

சாயங்காலம் மாமனார் வந்தார். விருந்தாளிகள் சாப்பிடாமலே போய்விட்டார்கள் என்று தெரிந்தது. மருமகளோடு அவர் நேராகப் பேசுவதில்லை. மகனை நிறுத்தி வைத்துப் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஓட்டுனது கூடப் போயிட்டுப் போகுது. எறங்காமப் போனா பாரு! என்ற மருமகளே எனக்கு எறங்குல. நாளைக்கு எவன்டா எறங்குவான்?"

என் வீட்டுக்காரர் என்ன சொல்லி என்னைக் காப்பாற்றுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவளுக்கு எறங்கத் தெரியாதுங்கய்யா."

"ஓட்டத் தெரியுமாமா, எறங்கத் தெரியாதாமா! நல்லா இருக்குதே கதை" என்றார் மாமியார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. குதித்தது இவர், பழி எனக்கு.

சைக்கிளை மாட்டுக்கொட்டகை விட்டத்தில் கயிறு போட்டுக் கட்டித் தூக்கிவிட்டார்கள். சாணி அள்ளும்போதெல்லாம் தலைக்கு மேலே அது தொங்கும். இரண்டு சக்கரங்கள் அல்ல, எங்கள் பேச்சே அங்கே தொங்குகிறது என்று எனக்குத் தோன்றும். இனி வாழ்நாள் முழுவதும் தட்டையும் கரண்டியையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா?

தோப்புக்கு நடந்து போனோம். அவர் பத்தடி முன்னால், நான் பின்னால். எனக்குக் கோபம், அவருக்குக் குற்ற உணர்ச்சி. அப்படிப் போன ஒரு காலையில்தான் காற்றில் அந்தச் சிரிப்புச் சத்தம் வந்தது. புல்லுக்கட்டு ஜோடி. எங்களைக் கண்டதும் சத்தம் அறுந்தது. ரொம்ப தூரத்திலேயே இறங்கினார்கள். அந்த ஆள் சைக்கிளைப் பாதி பள்ளத்துக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்தம்மா தலையைக் குனிந்து நின்றாள்.

சைக்கிளில் போகும்போது இதெல்லாம் கண்ணில் படாது. நடந்து போனதால் பக்கத்தில் பார்த்தேன். செயினைப் பார்த்தேன். செயின் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"செயின் களந்துக்கிச்சா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க அம்மிணி. செயினெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது."

"அப்புறம் எதுக்கு எறங்குன?"

என் அப்பா வயசு ஆள். 'எறங்குன' என்றுதான் கேட்டேன். எங்கள் வீடுகளில் அப்படித்தான் கேட்பார்கள். அந்த ஆள் கேட்கக் கூடாததை நான் கேட்டுவிட்டதுபோல் சங்கடமாகச் சிரித்தார்.

"நீங்க வாரீங்களேங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மாமனார் 'எவன்டா எறங்குவான்' என்றது யாரை என்று அப்போதுதான் விளங்கியது. தினமும் புல்லுக்கட்டோடு இறங்கி நின்றிருக்கிறார்கள், எனக்காக. காற்றுக்கு எதிராக மல்லுக்கட்டிக்கொண்டு, ஈயென்று இளித்துக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு போன இந்த இருபது வயசுக்காரிக்காக. நான் அவர்களைப் பார்த்துப் பாவம் என்று வேறு நினைத்திருக்கிறேன்!

அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் நான் நடு வழியில் நின்றுவிட்டேன். "உங்களுக்குத் தெரியுமல்லங்க?" என்று கேட்டேன். அவர் திரும்பாமல் தலையை ஆட்டினார். "தெரிஞ்சும் ஏன் சொல்லுல?"

"சொன்னா நாமளும் எறங்கோணும்பே. அதை ஆராச்சும் பாத்தா எங்கய்யன் காதுக்குப் போகும். அப்புறம் இந்த வழியும் இருக்காதுன்னு பயந்தேன்."

பல நாள் கழித்து நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வழியை இழக்க எனக்கு மனசு வந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். தலை இன்னும் தாழ்ந்துபோனது.

நடந்து போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச எங்களுக்கு விட்ட முறை ஒருநாள் தவறிப் போனது. மாமனாருக்கு மானத்தைவிடத் தென்னை பெரிது. மாமியாரிடம், "எறங்கப் பழகுனா எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். நான் கேட்கும்படிதான் சொன்னார்.

வைக்கோல் போரில் மோதிய அதே வாசலில் பழகினேன். முட்டி தேய்ந்தது, முழங்கை தேய்ந்தது. மாமியார் முறத்தோடு படியில் உட்கார்ந்து, "சாச்சுப் புடிச்சுக் காலை ஊணு புள்ள, ஆகாசத்தை என்னத்துக்குப் பாக்கறே?" என்று அதட்டுவார். கடைசியில் கால் ஊன்ற வந்தது. மாமனார் எதிரே வந்தால் இறங்குவதற்காகப் பழகியது. முதலில் இறங்கியது அவருக்கு அல்ல.

மறுபடி தோப்புக்குக் கிளம்பிய முதல் காலை. பாலம் தாண்டி நான் ஸீட்டில், அவர் கேரியரில். காற்றில் அந்தப் பேச்சு வந்தது, நின்றது. அவர்கள் இறங்கிவிட்டார்கள். நான் பக்கத்தில் போய்ப் பிரேக் பிடித்து, சைக்கிளைச் சாய்த்து, கால் ஊன்றி அழகாக இறங்கினேன். அவரும் இறங்கினார். வழியின் அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேர், இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர், நடுவில் காற்று.

"நீங்க ஏறிப் போங்க" என்றேன். அந்த ஆளுக்கு நான் 'நீங்க' சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் வழியின் இரண்டு பக்கமும் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. பயம் இருந்தது. "வேண்டாஞ் சாமி. ஏறுங்க. ஆராச்சும் பாத்துட்டா..."

"பாத்தா என்னங்க?" என்றேன். என்ன புத்தி எனக்கு!

அதுவரை என்னிடம் வாயே திறக்காத அந்தம்மா பேசினாள். "உங்களையா அம்மிணி கேப்பாங்க? எங்களைத்தானுங்க கேப்பாங்க. புண்ணியமாப் போகுது, ஏறிப் போயிருங்க."

என் வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்தார். நான் ஏறினேன். அவர்களைக் கடந்து போனேன், உட்கார்ந்தபடியே. அன்றைக்கு மாமனாரைக் கடந்தபோது வாயில் ஏதோ ஒரு வார்த்தையாவது வந்தது. இவர்களிடம் அதுவும் வரவில்லை.

காற்று எங்களுக்கு எதிரே அடித்தது. பின்னால் அவர்கள் ஏறினார்களா, மறுபடி பேசிச் சிரித்தார்களா என்று எங்களுக்குக் கேட்காது. தோப்பு வரும்வரை நாங்களும் பேசவில்லை. தோப்பு வாசலில் அவர் காலை ஊன்றப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே இறங்கினேன்.