மலைமேல் வந்த திருத்தம்

1. எத்தனை சடையன்?

"யோவ், ஒரே ஊர்ல எத்தனை சடையன்யா இருப்பான்?"

ரெவின்யூ இன்ஸ்பெக்டர், எங்கள் ஆர்.ஐ., என் தாள்களை மேசைமேல் வீசினார். அரூர் தாலுகா ஆபீசே திரும்பிப் பார்த்தது.

நாற்பத்தொன்பதாம் வருஷம். நாட்டின் அரசியல் சட்டத்தை டெல்லியில் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது முடிவதற்குள்ளேயே, வயது வந்த எல்லோரையும் வாக்காளராக எழுதச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அதுவரை வரி கட்டுகிறவர், படித்தவர் என்று சிலருக்குத்தான் ஓட்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னை இந்த வேலைக்கு டெம்பரரி குமாஸ்தாவாக எடுத்தார்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை. டெல்லி சபையில் எந்த ஷரத்துக்கு என்ன திருத்தம் வந்தது என்று தினமும் பேப்பரில் படித்து, ஆபீசில் ஒப்பிப்பேன். அதனால் எனக்குத் 'திருத்தம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சித்தேரி மலைமேல் ஒரு சிற்றூர் என் பங்குக்கு வந்தது. ஏறிப்போய்ப் பெயர் கேட்டேன். பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். ஆண்களில் முக்கால்வாசிப் பேர் சடையன் என்றார்கள். ஒரே தாத்தாவின் பேரன்கள், அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டு இறங்கினேன்.

"சடையன் செத்துப்போய் ரொம்ப நாளாச்சுய்யா, திருத்தம்!" என்றார் ஆர்.ஐ. "ஃபாரஸ்ட்காரன் பேர் கேட்டா அந்த ஊர்ல அவன் பேரைத்தான் சொல்வாங்க. ரேஞ்ச் ஆபீஸ்ல பாதிக் கேஸு அவன் மேலதான் கெடக்கு."

"இப்ப என்னங்க சார் பண்றது?"

"பட்டியல்லேர்ந்து ஊரையே அடிச்சுடு. வெள்ளிக்கிழமை தாள் சேலம் போகணும்."

ஊரையே அடிப்பதா? எல்லோருக்கும் ஓட்டு என்று ஊரெல்லாம் பேசிவிட்டு, என் கையாலேயே ஓர் ஊரை இல்லாமல் செய்வதா? நாளைக்கு இன்னொரு தடவை ஏறிவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன்.

"ஏறு, ஏறு. கால்ல தெம்பு இருக்கு" என்றவர், மலையில் மழை பிடிக்கும் என்று தன் குடையையும் எடுத்துக் கொடுத்தார்.

2. களத்தில் கூடிய சபை

களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஊர்க்கவுண்டர் சிரித்துவிட்டார்.

"கண்டுபுடிச்சிட்டாங்களா சாமி?"

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"செத்தவன் மேல கேஸு எழுதுனா ஆர இழுத்துக்கினு போவாங்க? அவன் இருந்தப்ப ஊருக்கு ஒண்ணும் செய்யல. செத்தப்பறமாச்சும் ஒழைக்கட்டும்."

களமே சிரித்தது. நான் ஓட்டைப் பற்றி விளக்கினேன். டெல்லியையும் விடவில்லை. சாமை புடைத்துக்கொண்டிருந்த வெள்ளச்சி என்ற அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"அந்தச் சட்டத்த எழுதி முடிச்சிட்டாங்களா தம்பி?"

"இல்லீங்க. தெனமும் திருத்தம் போடறாங்க. ஒருத்தர் எழுந்து இதைச் சேக்கணும்பார். மத்தவங்க ஒத்துக்கிட்டா சேந்துடும்."

"அப்ப நானும் ஒண்ணு போடறேன். எங்க பேரு எழுதுன காயிதத்த ஃபாரஸ்ட்காரனுக்குக் காட்டக்கூடாது."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் உண்மை வேறு.

"அது முடியாதுங்க. பட்டியலைச் சாவடியில ஒட்டுவாங்க. யார் வேணும்னாலும் படிக்கலாம்."

சிரிப்பு நின்றது. ஒருவர் எழுந்து தடியை எடுத்துக்கொண்டு கதிரடிக்கப் போனார். அவர்தான் மாதன், வெள்ளச்சியின் புருஷன். வீட்டு விட்டத்துக்கு மரம் வெட்டியதாக ரேஞ்சர் தேடிக்கொண்டிருந்த 'சடையன்' அவர்தான் என்று ஊர்க்கவுண்டர் என் காதில் சொன்னார்.

"அந்த ரேஞ்சரு பேரும் அதுல வருமா?" என்றார் வெள்ளச்சி.

"வரும்ங்க."

"அவருக்கு எத்தன ஓட்டு?"

"ஒண்ணு."

"எங்க வூட்டுல நாலு பேரு. அவரு வூட்டுல?"

"அவர் கல்யாணம் ஆகாதவருங்க. ஒண்ணுதான்."

"அட பாவமே!" என்றார் வெள்ளச்சி. மறுபடி சிரிப்பு கிளம்பியது.

அப்புறம் அவர்களுக்குள் பேசினார்கள். அதட்டல், கிண்டல், பழைய சண்டை எல்லாம் நடந்தது. கடைசியில் ஊர்க்கவுண்டர் முடிவைச் சொன்னார்: "எழுதுனா ஒரு வூடு வுடாம எழுதணும். ஒருத்தன் ஒதுங்குனாலும் எல்லாப் பேரையும் அடிச்சிடு. தனியா ஒருத்தன் மாட்டக்கூடாது. இதான் எங்க திருத்தம்."

அதை நான் ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டேன். ஆனால் இப்போது எல்லாம் மாதனிடம் போய் நின்றது. அவரை யாரும் கூப்பிடவில்லை, வற்புறுத்தவும் இல்லை. அவர் முன்னாலிருந்த கதிர்க்கட்டு தீரும்வரை அடித்தார். பிறகு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"எழுது சாமி. மாதன். அப்பன் பேரு ஆண்டி."

மற்றவர்கள் மளமளவென்று சொல்ல ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்த பெண்களும் வந்து சொன்னார்கள். என் பென்சில் இரண்டு முறை முறிந்தது.

3. அதற்குப் பிறகு

வெள்ளச்சி பயந்தபடியே நடந்தது. புது விட்டம் போட்ட வீட்டில் இருப்பது யார் என்று ரேஞ்சர் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்; ஒட்டிய சில வாரத்தில் மாதனுக்குச் சம்மன் போனது. ஊரில் பாதி அவரோடு அரூருக்கு இறங்கி வந்து கோர்ட்டுக்கு வெளியே உட்கார்ந்தது. நானும் உள்ளே போய் நின்றேன். வீடு ஒழுகியது, மரம் வெட்டினேன் என்று மாதன் ஒளிக்காமல் சொன்னார். மாஜிஸ்திரேட் ரேஞ்சரை நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில் மாதனை எச்சரித்து அனுப்பினார். அன்று நல்ல மாஜிஸ்திரேட் அமைந்தார். வேறொருவராக இருந்திருந்தால் உள்ளே போட்டிருக்கலாம். பட்டியல் அவரைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உரிமையைப் பற்றிப் பேசப் போனால், அதனால் வரக்கூடிய தொல்லையை முதலில் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அவர்களே பேசி முடிவு செய்வார்கள்.

அன்று கோர்ட்டிலிருந்து மாதன் நேரே எங்கள் ஆபீசுக்கு வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் மேசைமேல் கையூன்றி நின்றார்.

"ஓட்டு எப்ப சாமி?"

"சட்டம் இன்னும் முடியலீங்க. டெல்லியில பேசிக்கிட்டே இருக்காங்க."

"நாங்க ஒரு மத்தியானத்துல முடிச்சிட்டமே" என்றார். "சீக்கிரம் முடிக்கச் சொல்லு. ஊரே காத்துக்கினு கெடக்குது."