ஓர் அசைக்கு ஓர் உயிர்

என் கணவர் மாத்தளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அலுவிகாரையில் சின்னதாக ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கல்யாணமான புதிதில் எனக்கு 'ஸ்கூல்' வராது, 'இஸ்கூல்' என்றுதான் வரும்.

"புறங்கையைத் தாடைக்குக் கீழ வையும்," என்பார். "இப்ப சொல்லும். தாடை எத்தனை தரம் இறங்குது?"

"ரெண்டு தரங்க."

"ஒருதரம்தான் இறங்க வேணும். ஓர் அசைக்கு ஓர் உயிரொலி. இல்லாத இடத்தில நீர் ஒரு 'இ'யைப் போட்டு ரெண்டாக்கிறீர்."

பிள்ளைகளுக்கும் அவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். 'ராபிட்' எழுதும்போது நடுவில் ஒரே எழுத்து இரண்டு தரம் வரும், அதன் இடையே வெட்டு: ராப், பிட். 'டைகர்' என்றால் நடுவில் ஒற்றை எழுத்து, அது அடுத்த அசையோடு போய்விடும். முதல் அசை வாய் மூடாமல் நீளும்: டை, கர். இதற்கு அடங்காத சொற்களும் உண்டு என்பார். ஆனாலும் வெட்டப் பழகியவன் எந்தச் சொல்லுக்கும் பயப்பட மாட்டான் என்பது அவர் நம்பிக்கை.

ஒரு விடுமுறைக்கு யாழ்ப்பாணத்தில் தன் அம்மாவைப் பார்க்கப் போனவரை, திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். நான் முகாம் முகாமாக வாசலில் போய் நின்றேன். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அதனால் விரட்டும்போது சொன்னதெல்லாம் விளங்கியது.

சில மாதங்கள் கழித்து, வழக்கு எதுவும் இல்லாமல் விட்டார்கள். வந்தவரின் தாடை இடது பக்கம் கோணியிருந்தது. எலும்பு முறிந்து தானாகவே பிழையாகப் பொருந்திவிட்டது, திரும்ப உடைத்துத்தான் சரி செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டர் முகத்தருகே கையைக் கொண்டுபோனதும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். முகாமில் என்ன நடந்தது என்று என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

தமிழ் ஓரளவு பேசினார். ஆங்கிலம்தான் வரவில்லை. மெய்யெழுத்துகள் சேர்ந்து வரும் இடத்தில் தாடை பூட்டிக்கொள்ளும், கண் கலங்கும். புதுத் தவணை தொடங்குவதற்கு முன் பாடசாலை அதிபர் வீட்டுக்கே வந்தார்.

"கல்விக் கந்தோரில இருந்து ஒரு அதிகாரி ஐயா வகுப்பைப் பார்க்க வருவார், மாஸ்டர். படிப்பிக்க ஏலாதெண்டு அவர் எழுதினா, நான் ஒண்டும் செய்ய ஏலாது."

அன்றிலிருந்து குசினியில் உட்கார்ந்து பழகினோம். என் கையை மட்டும் தாடைக்குக் கீழே வைக்க விட்டார். டை, கர் வந்தது. டே, பிள் வந்தது. 'ஸ்ட்ரீட்' வரவேயில்லை. மூச்சு மட்டும் சீறியது.

"என்னைய மாதிரி முன்னால ஒரு 'இ' போட்டுச் சொல்லிப் பாருங்களேன்."

"அது பிழை!" என்று கத்தினார். பிறகு சுவரைப் பார்த்தபடி, "பிழையாச் சொல்லிக் குடுக்கிறதுக்கு நான் ஏன் வகுப்புக்குப் போக வேணும்?" என்றார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதேன். வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பின்னால் மெதுவாக "இஸ்ட்ரீட்" என்று கேட்டது.

அதிகாரி வந்த அன்று என்னையும் கூட வரச் சொன்னார். வகுப்புக்கு வெளியே விறாந்தையில் நின்றேன். தொடக்கம் நன்றாகவே போனது. பிறகு அதிகாரி புத்தகத்தைக் கொடுத்து, ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னார். பாதியில் 'ஸ்ட்ரெங்த்' என்று ஒரு சொல் வந்தது. ஒரே ஓர் உயிர், முன்னும் பின்னும் மெய்கள். அவர் நின்றுவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில், "இஸ்... ட்ரெங்த்."

வகுப்பே சிரித்தது. அவர் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டார். விழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எல்லாரும் கையைத் தாடைக்குக் கீழ வையுங்கோ," என்றார். "நான் சொன்னதில எத்தனை அசை?"

சிரிப்பு அடங்கியது. ஒரு பிள்ளை, "ரெண்டு, சேர்," என்றாள்.

"எத்தனை இருக்க வேணும்?"

"ஒண்டு, சேர்."

"அப்ப உங்கட சேர் சொன்னது சரியோ, பிழையோ?"

"பிழை," என்று அவரே சொன்னார். "நீங்கள் சரியாச் சொல்லுங்கோ." பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

வெளியே வந்த அதிகாரி நல்ல மனிதர். "பாடம் நல்லாத் தெரிஞ்ச ஆள்," என்று என்னிடமே சொன்னார். "ஆனா பிள்ளைகள் கேட்டுப் பழகிறது அவர்ட வாயைத்தானே, அம்மா."

அடுத்த தவணையில் அவரை நூலக அறைக்கு மாற்றினார்கள். அங்கே யாரோடும் பேசத் தேவையில்லை என்று அதிபர் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்தச் செய்தி வந்த அன்று மத்தியானமும், மெல்ல முடியாத அவருக்காகக் கஞ்சி கரைத்து வைத்தேன். அவர் அதைத் தொடவேயில்லை.