வரிசை வீடுகளில் செந்தேள்

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே கரிசல்காட்டு ஊர் ஒன்றில், டாக்டர் வாரம் ஒருமுறை மட்டும் வந்துபோகும் சின்ன ஆஸ்பத்திரிக்கு என்னை நர்ஸாகப் போட்டார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் திருத்தங்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சனிக்கிழமை வருவார், திங்கள் விடியலில் பஸ் ஏறிவிடுவார். கைக்குழந்தையோடு நான் தனியாக இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு கிடையாது. அந்த ஊர்ப் பட்டாசுக் கம்பெனி தன் ஆட்களுக்காக வரிசையாக வீடுகள் கட்டியிருந்தது. கடைசி வீட்டை எனக்குக் கொடுத்தார்கள். உடைகல்லை அடுக்கி மண் அப்பிய சுவர். மேலே பனையோலை. கோடையில் அந்த மண் பாளம் பாளமாக உதிர்ந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் நுழையும் சந்து விழுந்துவிடும். குடிபோன வாரத்திலேயே, தொட்டில் கட்டுவதற்காக மடித்து வைத்திருந்த சேலையை உதறினேன். செந்தேள் ஒன்று தரையில் விழுந்து ஓடியது.

ஊர்க்காரர்கள் பயந்தது கருந்தேளுக்குத்தான். கை அகலம் இருக்கும் நட்டுவாக்காலியைப் பார்த்தால் தெருவே கூடிவிடும். செந்தேளை யாரும் சட்டை செய்வதில்லை. சின்னது, வைக்கோல் நிறம், குச்சி மாதிரி மெலிந்த கொடுக்கு. ஆனால் பிள்ளைகளைக் கொல்லுவது அதுதான். பயிற்சியின்போதே நான் பார்த்திருந்தேன்.

அதனால் என் வீட்டை நான் அப்படியே விட்டுவிடவில்லை. கரிசல் மண்ணையும் சுண்ணாம்பையும் குழைத்துச் சுவரின் சந்துகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். சுவரோரம் சாத்தியிருந்த விறகை எடுத்துப்போய் வெட்டவெளியில், கல்மேல் அடுக்கினேன். கட்டில் கால்களைத் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்களில் நிறுத்தினேன். பொழுது சாயும்போது வாசலில் ஈரச்சாக்கை விரித்து வைத்தால், குளிர்ச்சிக்குத் தேள்கள் அதன் அடியில் வந்து ஒண்டிக்கொள்ளும். காலையில் சாக்கைப் புரட்டி, செருப்பால் அடித்துப் போடுவேன். நாலு கோழிகளும் வாங்கி விட்டேன். பக்கத்து வீடுகளில் சிரித்தார்கள். மழைக்காலம் வருவதற்குள் என் வீட்டில் தேள் இல்லை.

அடுத்த வீட்டில் இருந்தவளுக்கு என் வயதுதான். புருஷன் செத்துவிட்டான். மூன்று பிள்ளைகள். பகலில் கம்பெனியில் வேலை, வீட்டுக்கு வந்தால் வெடிக்கான காகிதக் குழாய் உருட்டுவாள். சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் வந்து கேட்டாள்.

"நர்சம்மா, எங்க வீட்டுச் செவத்தையும் அடைச்சுத் தாரீகளா? மண்ணு நான் கொழைச்சுத் தாரேன்."

போனேன். உள்ளே கால் வைக்க இடம் இல்லை. கம்பெனியின் காகிதக் கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. உருட்டிய குழாய்கள் சாக்குச் சாக்காக நின்றன. சுவரே கண்ணில் படவில்லை. இரண்டு கட்டுகளை நகர்த்தினோம். அடியில் ஒரு தாய்த்தேள், முதுகு நிறையக் குஞ்சுகளோடு இருந்தது.

"இந்தக் காயிதக் கட்டுகளையெல்லாம் வெளிய கொண்டுபோகாம ஒண்ணும் செய்ய முடியாது அக்கா."

"வெளிய வச்சா நனைஞ்சு போகும்மா. நனைஞ்சா அடுத்த தடவை எனக்குக் காயிதம் தர மாட்டாக."

எல்லா வீட்டிலும் அதே கதைதான். கம்பெனிக்கு குடோன் இருந்தது. ஆனால் சீசனில் குடோன் முழுக்க வெடி. காகிதம் வைக்க வீடுகள். நான் போர்மேனிடம் போய், ஒரு கொட்டகை போட்டுக் காகிதத்தை அதில் வையுங்கள், வீட்டுக்குள் பிள்ளைகள் படுக்கிறார்கள் என்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க சொல்றது சரிதான்மா. சீசன் முடியட்டும், பாப்போம். கரிசக்காட்டுல தேளு இல்லாத வீடு எங்கன இருக்கு?"

புரட்டாசியில் முதல் மழை பெய்து, மண்ணின் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்ட மறுநாள் காலை. அடுத்த வீட்டு மூத்த பெண்ணை அவள் அம்மா தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். எட்டு வயதிருக்கும். உருட்டுவதற்குக் காகிதம் உருவும்போது விரலில் கொட்டியிருக்கிறது. அன்று டாக்டர் வரும் நாள் இல்லை. வலி மரக்க என்னிடம் இருந்த ஊசியைப் போட்டேன். வலி குறைந்தது. பிள்ளை சிரிக்கக்கூடச் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பு முழுக்க வேர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. பாவாடை சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்தது. வாந்தி. கையும் காலும் ஐஸ் மாதிரி சில்லிட்டுப் போயின.

சாத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மத்தியானம் வரைக்கும் பஸ் கிடையாது. கம்பெனி வேன் கேட்டில் நின்றது. ஓடினேன். பின்னால் கடைசிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"புள்ளைக்கு ரொம்ப மோசமா இருக்கு. இந்த வண்டில சாத்தூர் கொண்டுபோகணும்" என்றேன்.

"லோடு ஏத்தியாச்சேம்மா" என்றார் போர்மேன். "இது சிவகாசிக்குப் போகணும். ஆர்டர் ஏற்கெனவே லேட்டு. வெடி ஏத்துன வண்டில ஆளையும் ஏத்தக்கூடாது, தெரியும்ல? எறக்கிட்டு வந்ததும் அனுப்புதேன்."

"எறக்கிட்டு வர்றதுக்குள்ள செத்துப்போயிரும்யா."

"அப்படியெல்லாம் சொல்லாதீக. தேளு கொட்டி யாரு செத்தா?"

அந்த வேனில் பெட்டிகளுக்கு மேல் ஆட்கள் ஏறிப் போவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அதையும் சொன்னேன். அவர் டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். வண்டி கிளம்பியது.

மத்தியானம் பஸ்ஸில்தான் போனோம். பிள்ளை அவள் மடியில், தலை என் மடியில். மூச்சு களகளவென்று இரைந்தது. வாயோரம் நுரை தள்ளியது. நான் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. சாத்தூர் வருவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. "வேர்வை நின்னிருச்சு நர்சம்மா, நல்லாயிருமா?" என்று கேட்டாள். நடத்துநர் திரும்பிப் பார்த்துவிட்டு விசில் அடித்து வண்டியை நிறுத்தி, எங்களை இறங்கச் சொன்னார்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியைப் பார்வையிட மேலதிகாரி ஒருவர் வந்தார். நடந்ததை அவரிடம் சொன்னேன். காகிதக் கட்டுகளைப் பற்றி, வேனைப் பற்றி, எல்லாவற்றையும். நல்ல மனிதர். கேட்டுவிட்டு உடனே வரிசை வீடுகளுக்கு நடந்தார். அதற்குள் போர்மேன் வந்து சேர்ந்துவிட்டார். அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்கள்.

"பிள்ளையை எங்கே வைத்துத் தேள் கொட்டியது?" என்று அதிகாரி கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"வேலியோரம் வெளையாடுச்சு சாமி. அங்கன வச்சு."

"காகிதம் எடுக்கும்போது இல்லையா?"

"இல்ல சாமி. எம்புள்ள காயிதத்தைத் தொடாது."

அதிகாரி என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? கோபமில்லை. இந்த நர்ஸுக்குக் கம்பெனியோடு ஏதோ பகை போலிருக்கிறது என்கிற பார்வை. காப்பி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த வாரமே கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. போர்மேனின் சொந்தக்காரர் குடும்பம் வருகிறது, வீடு வேண்டும் என்றார்கள். நான் மாற்றல் கேட்டு, விருதுநகருக்கு வந்தேன்.

பெட்டி கட்டும் அன்று அவள் வாசலில் வந்து நின்றாள்.

"மத்த ரெண்டுக்கும் கஞ்சி ஊத்தணும்லா நர்சம்மா" என்றாள். "காயிதம் நிறுத்திட்டா நான் எங்கன போவேன்?"

பெட்டியைத் தூக்க அவள் கை நீட்டினாள். நான் விடவில்லை. குழந்தையை ஒரு இடுப்பிலும் பெட்டியை இன்னொரு கையிலுமாக, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் சேற்றில் நடந்தேன். போர்மேன் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. அவள் முகம் அப்படியே இருக்கிறது. கோபம் தப்பான ஆள்மேல் நிற்கிறது என்று தெரிகிறது. தெரிந்து என்ன, அது போக மாட்டேன் என்கிறது.

இரண்டு மூன்று வருடம் கழித்து, எனக்குப் பிறகு அந்த ஊருக்குப் போன நர்ஸை விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஊர் எப்படி இருக்கிறது என்றேன்.

"கம்பெனியில ரொம்ப அக்கறையா இருக்காக அக்கா" என்றாள். "முன்னாடி ஒரு புள்ளையை வேலியோரம் தேள் கொட்டிருச்சாம்ல? வேலியை அம்புட்டையும் வெட்டி, கல்லெல்லாம் பெறக்கி, பின்னாடி மொட்டையா வச்சிருக்காக. அப்படியும் தேள்கடிக்கு ஆள் வந்துக்கிட்டேதான் இருக்கு. எங்கயிருந்து வருதுன்னே தெரியல."

"வீட்டுக்குள்ள போய்ப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"உள்ள எங்கக்கா போறது? ஒரே காயிதக் கட்டால்ல கெடக்கு" என்றாள். அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது.