பழைய டிரைவர் தேவை

எங்கள் ஊரில் டிரைவர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது விசைப்படகு ஓட்டுகிறவர்தான். லாரி டிரைவர், பஸ் டிரைவர் எல்லாம் அதற்குப் பிறகு. அன்றைக்குப் போனில் பேசும்போது இதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கோபத்தில் இருந்தேன். கோபம் வந்தால் என் புத்தி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொள்ளும்.

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் எனக்கு ஒரு ரேடியம் ஸ்டிக்கர் கடை. லாரிக்கு நம்பர், பைக்குக்கு அம்மா அப்பா ஆசி, படகுக்குப் பெயர் என்று எல்லாம் வெட்டிக் கொடுப்பேன். வெட்டுகிற மிஷின் பழசு. அதை ஆட்டிவைக்கும் சாஃப்ட்வேர் அதைவிடப் பழசு. பழைய விண்டோஸ் எக்ஸ்பி இருந்தால்தான் அது கண்ணைத் திறக்கும். பல வருடம் உப்புக்காற்றைத் தின்று ஓடிய என் கம்ப்யூட்டர் அந்த வாரம் உயிரை விட்டது. திறந்து பார்த்தால் ஒரே துரு. டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்தேன். அதில் எக்ஸ்பியை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அவசரத்துக்குக் காரணம் என் சிநேகிதன். அவன் ஒரு விசைப்படகைக் கைமாற்றி வாங்கியிருந்தான். நல்ல படகு. பெயர்தான் வில்லங்கம். விற்றவன் தன் பெண்டாட்டியின் பெயரை முகப்பில் மஞ்சள் எழுத்தில் ஒட்டி வைத்திருந்தான். என் சிநேகிதனின் மனைவி துறைக்கு வந்து அதை வாசித்தாள். "ஊரான் பொண்டாட்டி பேர வச்சுக்கிட்டு கடலுக்குப் போறவரு, அவ வீட்டுலயே போய்ச் சோறு தின்னட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவனுக்குப் படகில்தான் படுக்கை, மூன்று வேளையும் புரோட்டா. பாவம் இளைத்துப்போனான் என்று எழுத ஆசைதான். புரோட்டா தின்று யாரும் இளைப்பதில்லை.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குச் சர்ச் சாமியார் வந்து படகை மந்திரிப்பதாக ஏற்பாடு. படகு கைமாறினால் மறுபடி தீர்த்தம் தெளித்து, முகப்பில் இருக்கும் பெயரைச் சத்தமாகச் சொல்லி மந்திரிப்பார்கள். பெயரை மாற்றுவதென்றால் அதற்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். மந்திரித்த பெயரில் கைவைக்க எங்கள் துறையில் யாரும் துணிவதில்லை. நாலு மணிக்குள் புதுப் பெயர் ஏறாவிட்டால் அவனுக்கு ஆயுசுக்கும் புரோட்டாதான்.

புதுப் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, எட்டாக மடித்துக் கொடுத்திருந்தான். "வெட்டுத நேரத்துல மட்டும் பிரி. யார்ட்டயும் சொல்லாத" என்றான். நான் அவன் தலை மறைந்ததும் பிரித்துப் பார்த்தேன். சிரித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். பென் டிரைவில் இருந்த எக்ஸ்பியைப் புதுக் கம்ப்யூட்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செட்டிங்கில் புகுந்து எல்லாவற்றையும் பழைய முறைக்கு மாற்றினேன். நீலத் திரை வந்து எண்டரைத் தட்டு என்றது. தட்டினேன். தட்டியது அதற்குத் தெரியவில்லை. என் புதுக் கீபோர்டு அதற்கு அறிமுகமே இல்லை. பரணில் கிடந்த பழைய கீபோர்டைத் தூசி தட்டி மாட்டினேன். அதை ஏற்றுக்கொண்டு, அடுத்தபடியாக இந்தக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கே இல்லை என்றது. டிஸ்க் உள்ளேதான் இருக்கிறது, மூடியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். இல்லவே இல்லை என்று சாதித்தது.

கையால் வெட்டியிருக்கலாமே என்பீர்கள். என் கைவெட்டு எழுத்து காற்றில் ஆடும் வேட்டி மாதிரி நெளியும். அடுத்த ஸ்டிக்கர் கடைக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கடைக்காரரைப் பற்றி நான் ஊரெல்லாம் பேசியது அத்தனையும் அவர் காதுக்குப் போயிருக்கிறது. தன் வாயால் கெட்ட தவளை நான்.

பதினொன்றரைக்குச் சிநேகிதன் போன் செய்தான்.

"என்னல ஆச்சு?"

"ஓட மாட்டேங்கு மாப்ள. டிரைவர் இல்ல."

"டிரைவர் இல்லயா?"

"ரெண்டு வேணும். ஒண்ணு டிஸ்க்குக்கு, ஒண்ணு கட்டிங் மிஷினுக்கு. பழைய டிரைவராத்தான் வேணும். புதுசு ஒண்ணுக்கும் ஆவாது."

"எவ்வளவு பழசு?" என்றான்.

"எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது."

"வையி. அனுப்புதேன்."

டிரைவர் என்று நான் சொன்னது, டிஸ்க்கையும் மிஷினையும் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டுகிற சின்னப் புரோகிராமை. நெட்டில் யாரிடமாவது கேட்டு வாங்கி அனுப்புவான் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கைத்தாங்கலாக இரண்டு பெரியவர்கள் இறங்கினார்கள். இரண்டு பேரும் படகு டிரைவர்களாக இருந்து ஓய்ந்தவர்கள். ஒருவருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. இன்னொருவருக்குக் காது மந்தம்.

"எங்கல மிஷினு?" என்றார் கண்ணாடிக்காரர். ஸ்டிக்கர் மிஷினைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "சுக்கான் எங்கன இருக்கு?"

நான் போனை எடுத்துக் கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "பழசுதான கேட்ட? இதுக்கு மேல பழசுன்னா கல்லறைத் தோட்டத்துலதான் தேடணும்."

வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் மனமில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். அவர்கள் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, நான் தோற்பதைக் கிரிக்கெட் மாதிரி பார்த்தார்கள்.

"என்னதான் செய்யுத?" என்றார் கண்ணாடிக்காரர்.

"பழச இந்தப் புதுசுல ஏத்தணும் அண்ணாச்சி. ஏற மாட்டேங்கு. புதுச மொத்தமா அழிச்சிட்டுத்தான் ஏத்தணும்."

"எதுக்கு அழிக்க? எஞ்சின் செத்த போட்ட, ஓடுத போட்டோட கட்டித்தான கரைக்குக் கொண்டாருவோம். ஓடுத போட்ட முக்கவா செய்வோம்?"

"இது போட்டு இல்லவே, டிவி" என்றார் காது மந்தக்காரர். இருவருக்கும் சண்டை வந்துவிட்டது.

எனக்கு முகம் சுட்டது. புதுக் கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டு, அதற்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் எக்ஸ்பியைக் குடிவைக்கிற வழி எனக்குத் தெரியாததல்ல. வீம்பில் மறந்திருந்தேன். நல்லவேளை, டிஸ்க் கண்ணில் படாததால் எக்ஸ்பி அதை அழிக்கவும் இல்லை. காலையில் மாற்றியதையெல்லாம் திருப்பி வைத்தேன். அதற்கான புரோகிராமை இறக்கினேன். ஒரு சின்னக் கட்டத்துக்குள் எக்ஸ்பி சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. பழைய டிஸ்க்கிலேயே கிடந்த மிஷின் டிரைவரையும் ஃபைல்களையும் இழுத்துப் போட்டு, மிஷினை ஒரு கன்வெர்ட்டர் ஒயரில் மாட்டி முடித்தபோது மணி மூன்று.

வெட்டுகிறதா என்று பார்க்க, படகுப் பெயர்கள் இருந்த ஃபோல்டரில் முதலில் இருந்த ஃபைலைத் தட்டினேன். மிஷின் முனகிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தது. பெரியவர்கள் கை தட்டினார்கள். மஞ்சள் எழுத்துகள் வெளியே வர வரக் குனிந்து வாசித்தேன். வந்தது விற்றவன் பெண்டாட்டியின் பெயர். அந்தப் பாழாய்ப்போன பெயரை அந்தக் காலத்தில் அவனுக்கு வெட்டிக் கொடுத்ததே நான்தான்.

தலையை நிமிர்த்தினால் வாசலில் சிநேகிதனின் மனைவி. மந்திரிப்புக்குப் பட்டுச்சேலை கட்டி, பெயர் என்ன ஆயிற்று என்று நேரிலேயே பார்க்க வந்திருக்கிறாள்.

"பழசு போதாதுன்னு புதுசா வேற ஒண்ணு வெட்டுதியளாண்ணே?"

"இல்ல தங்கச்சி, இது டெஸ்ட்டு."

"டெஸ்ட்டுக்கு ஊருல வேற பேரே கெடைக்கலயா?"

கண்ணாடிக்காரர் எழுத்துக்கூட்டி அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்து, "நல்ல பேருதானம்மா" என்றார். அவரை நான் பார்த்த பார்வைக்கு அவர் டீ கிளாசுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

பேசாமல் சீட்டை எடுத்துப் பிரித்து, அதிலிருந்த பெயரை டைப் அடித்து மிஷினுக்கு அனுப்பினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு மிஷினருகே நின்றாள். ஒவ்வொரு எழுத்தாக வந்தது. மூன்றாவது எழுத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அது அவளுடைய பெயர்கூட இல்லை. வீட்டுக்குள் யாரும் இல்லாதபோது அவன் அவளைக் கூப்பிடுகிற பெயர்.

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இதப் போயி சாமியாரு மைக்குல சொல்லுவாராண்ணே?"

"சொல்லுவார்."

ரொம்ப நேரம் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் பெருசா வெட்டியிருக்கலாம்" என்றாள்.

பெரிதாக்கி வெட்டினேன். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பழைய பெயரை உரித்துவிட்டுப் புதுசை ஒட்டினோம். சாமியார் தீர்த்தச் செம்போடு முகப்பைப் பார்த்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டு, எழுத்துப் பிழையோ என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார். என் சிநேகிதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரியாத்தான் இருக்கு சாமி. வாசிங்க" என்றாள் அவள்.

அன்று அவன் வீட்டில்தான் சாப்பிட்டான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. படகு கடலுக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறது. எழுத்தும் பெரிசு, கரையில் நின்றே வாசிக்கலாம்.