அழுத்தினால் அசையாத பட்டன்

ஒரு மதியம், மங்கலம் சாலையில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனி மாடியில் உட்கார்ந்தபடியே, பெரிய செய்தித் தளம் ஒன்றின் தலைப்பை நான் மாற்றிவிட்டேன். ‘அவிநாசிபாளையத்தில் பனிப்பொழிவு, ஆடுகளுக்குக் கம்பளிச் சட்டை’ என்று போட்டேன். உலகமே படித்து வாயைப் பிளந்தது.

சரி, உலகம் என்பது கொஞ்சம் கூடுதல். படித்தது நானும், அதை எனக்குச் சொல்லிக்கொடுத்த நதியாவும்தான். பக்கத்தைப் புதுப்பித்ததும் பனி உருகிவிட்டது. அவிநாசிபாளையத்து ஆடுகள் பழையபடி வெயிலில் மேயப் போய்விட்டன.

பிரவுசருக்குள் அப்படியொரு கதவு இருக்கிறது. எந்தப் பக்கத்திலும் மவுஸின் வலது பொத்தானைத் தட்டி ‘இன்ஸ்பெக்ட்’ என்று கொடுத்தால் திறக்கும். இணையதளம் கட்டுகிறவர்கள் பிழை தேடுகிற இடம் அது. உள்ளே போய் நிறத்தை மாற்றலாம், எழுத்தை மாற்றலாம், படத்தைத் தூக்கி மூலையில் எறியலாம். ஆனால் எல்லாம் நம் திரையில் மட்டும். கனவில் வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரி, விழித்துப் பார்த்தால் சுவர் பழைய சுவர்தான்.

நதியாவுக்கு அந்தக் கதவுக்குப் பின்னால்தான் பாதி வாழ்க்கை. அவள் குடும்பம் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. அப்பா இசக்கிமுத்து இங்கே தையல்காரர். பன்னிரண்டாவது முடித்த கையோடு அவளும் என் மகன் மோகன்ராஜின் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு வந்தாள். குழந்தைகள் சட்டையை உள்பக்கம் திருப்பி, கையை உள்ளே விட்டு விரித்து, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து ஓட்டை தேடுகிற வேலை. சட்டைக்குள் கை இருக்கும், மனசு எங்கோ மிதக்கும். “இந்தப் புள்ளைக்கு முழிச்சிட்டே தூங்கற வரம்ங்க” என்பான் சூப்பர்வைசர். அந்தத் தூக்கத்துக்கு நடுவே தபால் வழியில் பி.சி.ஏ. முடித்தாள்.

அப்புறம் ஒருநாள் மோகன்ராஜிடம் வந்து நின்றாள். “அண்ணாச்சி, நம்ம கம்பெனிக்கு நான் ஒரு சைட் செஞ்சு தரட்டா?”

“மொதல்ல அண்ணாச்சிங்கறத நிறுத்து கண்ணு. மளிகைக் கடைல உக்காந்து பருப்பு நிறுக்கற மாதிரியே இருக்குது.”

“சரி அண்ணாச்சி.”

அவன் எண்ணம் பெரியது. சாம்பிள் சட்டைகளைப் படமாகப் போட வேண்டும். சரக்கு வாங்குகிற டென்மார்க் பையர் அம்மாள் தன் டேப்லெட்டில் பார்த்து, கீழே இருக்கும் ‘அப்ரூவ்’ பட்டனை அழுத்த வேண்டும். உடனே இங்கே துணி வெட்டு ஆரம்பிக்க வேண்டும். “ஒரே ஒரு வாய்ப்பு. அந்தம்மா அப்ரூவ் அழுத்துச்சுன்னா உனக்கு இந்த மாடியிலயே வேல. இல்லீன்னா சைட் செய்யற கோயமுத்தூர் ஆளுகளுக்கே குடுத்தர்றேன், நீ பழையபடி செக்கிங்குக்குப் போயிரு கண்ணு” என்றான்.

அந்த நாள் வந்தது. மதியச் சாப்பாடு முடிந்து கீழே மெஷின்கள் மறுபடி முனக ஆரம்பித்திருந்தன. ஜன்னல் வழியே பஞ்சுத் துகள் ஏறி வந்து, இறங்க மனமில்லாமல் அந்தரத்தில் நின்றது. டென்மார்க்கிலிருந்து செய்தி வந்தது: பட்டன் தெரிகிறது, அழுத்தினால் அசையவில்லை.

நதியா தன் திரையை டேப்லெட் அளவுக்குச் சுருக்கிவைத்துப் பார்த்தாள். அவளுக்கும் அதே கதை. பச்சைப் பட்டன் பளிச்சென்று இருந்தது. கனவில் கூப்பிட்டால் சிலர் திரும்பிப் பார்ப்பதில்லையே, அப்படி இருந்தது. அவள் அந்த ‘இன்ஸ்பெக்ட்’ கதவைத் திறந்து உள்ளே இறங்கினாள். இங்கே ஒரு எண்ணைக் கூட்டினாள், அங்கே ஒரு வரியை அணைத்தாள், இன்னொன்றைத் தூக்கிப் போட்டாள். வழி தெரியாத ஊரில் வேடிக்கை பார்த்து நடக்கிறவள் போல அவள் விரல்கள் போய்க்கொண்டிருந்தன. எங்கோ ஓர் இடத்தில் பட்டன் சட்டென்று அசைந்தது. ‘நன்றி’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழும்பியது.

தோளுக்குப் பின்னால் நின்ற மோகன்ராஜ் அதைப் பார்த்துவிட்டான்.

இந்த ஊர் ஏற்றுமதிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. துணி சாயப்பட்டறையில் ஊறிக்கொண்டிருக்கும்போதே பையரிடம் “பேக்கிங் நடக்குதுங்க” என்பார்கள். ஒரு சாம்பிள் கைக்கு வந்துவிட்டால் கண்டெய்னரே கிளம்பிவிட்டதாகப் பேச்சு. என் மகன் அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் மாணவன். நதியா வாயைத் திறப்பதற்குள் டென்மார்க்குக்குப் போன் போட்டு, “ரெடி மேடம், ப்ளீஸ் ப்ரெஸ்” என்றான்.

அந்த அம்மாள் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை என்றார்.

“இங்க வேல செய்யுதே” என்று மோகன்ராஜ் குனிந்து, நிச்சயப்படுத்திக்கொள்ள, அவள் மடிக்கணினியில் ரிஃப்ரெஷ் தட்டினான். பக்கம் ஒருமுறை கண் சிமிட்டியது. பட்டன் பழையபடி செத்துக் கிடந்தது.

“என்ன கண்ணு ஆச்சு?”

“நான் செஞ்சதெல்லாம் போச்சு அண்ணாச்சி. அது இந்தத் திரையில மட்டுந்தான் இருந்துச்சு. நான் தச்சது சாம்பிளு. பல்க் சரக்கு இன்னும் கட்டிங்குக்கே போகல.”

அவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. முகம் சாயம் போன துணி மாதிரி ஆனது. “சரி, எதை மாத்துன? அதையே மறுபடி மாத்து.”

“பத்திருபது மாத்துனேன். எது பிடிச்சுதுன்னு தெரியலயே.”

போனில் டென்மார்க் காத்திருந்தது. “ஒன் மினிட் மேடம்” என்று ஆரம்பித்தவன், பழக்க தோஷத்தில், “பேக்கிங் கோயிங் ஆன்” என்று முடித்தான்.

“ஏண்டா, பட்டனையுமா பொட்டில கட்டறீங்க?” என்றேன்.

“அம்மா, சும்மா இருங்க. உங்குளுக்குப் புண்ணியமாப் போகும்.”

நதியா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். எதையும் மாற்றாமல், மவுஸை மட்டும் வரிகளின் மேல் மெல்ல நகர்த்தினாள். அந்தக் கருவியில் ஓர் அழகு உண்டு. எந்த வரியின் மேல் நிற்கிறோமோ, பக்கத்தில் அந்த வரிக்குரிய இடம் நீலமாக ஊறித் தெரியும். தலைப்பு நீலமானது. விலை நீலமானது. நீரில் முக்கி எடுத்த துணி போல ஒவ்வொன்றாக நனைந்து நனைந்து உலர்ந்தன. அவள் கண்ணில் அந்தப் பழைய செக்கிங் மேசைத் தூக்கம் வந்துவிட்டது. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

சட்டைப் படத்தின் வரிக்கு வந்தபோது நீலம் சட்டையோடு நிற்கவில்லை. கீழே வழிந்து, பச்சைப் பட்டனையும் மூடிக்கொண்டு போனது.

“அந்தா கிடக்கு” என்றாள். “ஆச்சி, படத்தைச் சுத்தி வெத்து இடம் இருக்கு. கண்ணாடி மாதிரி, கண்ணுக்குத் தெரியாது. பட்டனுக்கு மேல படுத்திருக்கு. அந்தம்மா பட்டனை அழுத்தல, கண்ணாடிய அழுத்துதாவ.”

இந்தமுறை கனவில் தைக்கவில்லை. மூலக் கோப்பைத் திறந்து படத்தின் உயரத்தைக் குறைத்து, சர்வருக்கு ஏற்றினாள். அப்புறம் அவளே ரிஃப்ரெஷ் தட்டிப் பார்த்தாள். பட்டன் உயிரோடு இருந்தது. “இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள்.

டென்மார்க்கில் அந்த அம்மாள் விரலை வைத்தார். அந்த நொடியில் எங்கள் மாடி முழுவதும் பச்சை வெளிச்சம் பரவியது. கீழே அத்தனை மெஷின்களும் மூச்சடக்கி நின்றன. அந்தரத்தில் நின்ற பஞ்சு அவள் தலையில் பூவாக இறங்கியது. மோகன்ராஜ் நிமிர்ந்து, இரண்டு கைகளையும் கூப்பி, “இனி இந்த மாடி உன்றது கண்ணு, கோயமுத்தூர்க்காரனுக்கு இங்க வழியே கிடையாது” என்று சபையில் அறிவிப்பது போல அறிவித்தான்.

இந்தக் கதையை இந்த இடம்வரை நான் கணினியில் தட்டியதை, டீ டம்ளரோடு பின்னால் நின்று நதியா படித்துக்கொண்டிருந்தாள்.

“மெஷின் ஒண்ணும் நிக்கல ஆச்சி. அண்ணாச்சி கையும் கூப்பல. ‘நாளைக்கு மாடிக்கு வேலைக்கு வரும்போது பி.எஃப்.புக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டு வா’ன்னாவ. அவ்வளவுதான்.”