அக்காவின் நெஞ்சுக்கு ஒரு சொருகி

அக்காவின் பேஸ்மேக்கரில் பாட்டரி தீரப் போகிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம். வெளியே சொன்னால் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். எண்பதுகளின் நடுவில், சென்னையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில், அந்தக் கருவிகளுக்குக் கழற்றி மாட்டும் இணைப்புகளை வடிவமைப்பதுதான் என் வேலை.

இதயத்துக்குள் போகும் கம்பி வருடக்கணக்கில் சதையோடு ஒட்டிப்போயிருக்கும், இழுக்கக் கூடாது. தோலுக்கடியில் பாட்டரியோடு இருக்கும் பெட்டியை மட்டும்தான் மாற்ற வேண்டும். அக்காவின் பழைய கம்பிக்கு முனை தடிமன், புதுப் பெட்டிகளுக்கோ துளை சின்னது. இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு சொருகி செய்தேன். ரத்தம் கசியாமலிருக்க உள்ளே ரப்பர் வளையங்கள், இறுக்க ஒரு பொடித் திருகு. ஆய்வுக்கூடத்து மேஜையில் டாக்டர்கள் சொருகிப் பார்த்துப் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சொருகியின் மாதிரி ஒன்றையும் அதே தடிமனில் ஒரு கம்பித் துண்டையும் எடுத்துக்கொண்டு திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா தையல் மிஷினை ஓரங்கட்டிவிட்டு, மாமா விழுப்புரத்திலிருந்து தூக்கி வந்த பலாப்பழத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். பால் ஒட்டாமலிருக்க இரண்டு கையிலும் எண்ணெய். கழுவிக்கொண்டு வா என்று சொல்லக்கூடப் பொறுமையில்லாமல் சொருகியை நீட்டினேன்.

அக்கா கம்பியைச் சொருகினாள். "உள்ள போய்டுச்சி," என்று கையை எடுத்தாள். யாரும் தொடாமலே கம்பி மெதுவாகப் பின்னால் நழுவியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தது.

"இன்னாடா இது, கட்டிக்குடுத்த புதுப்பொண்ணு மாதிரி பொறந்த ஊட்டுக்கே திரும்பி வந்துக்கினு இருக்குது?"

மாமா சுளையை மென்றபடி சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எண்ணெக் கையால தொட்டா அப்படித்தான். டாக்டருங்க சுத்தமான கையால சொருவுனாங்க."

"என் நெஞ்சக் கீறும்போது அவங்க கை காஞ்சா இருக்கும்?"

கம்பி நகக்கண் அளவு நழுவினாலும் பெட்டி வீணாகத் துடித்துக்கொண்டிருக்கும், அக்காவின் இதயம் அதன் இஷ்டத்துக்கு நின்று நின்று அடிக்கும். எனக்குப் பயமாக இருந்தது.

பலாக்கொட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நானும் கையில் எண்ணெயைப் பூசிக்கொண்டேன். வளையங்கள் இறுக்கமாக அடைத்ததில், உள்ளே சிக்கிய காற்று சைக்கிள் பம்பு மாதிரி கம்பியைத் தள்ளியது. காய்ந்த கையால் சொருகியபோது வளையங்களின் உராய்வு அதைப் பிடித்து வைத்திருக்கிறது, வழவழப்பில் விட்டுவிட்டது. திருகை முறுக்கும் குட்டிச் சாவியை முதலில் திருகுத் துளையில் நுழைத்துக் காற்றுக்கு வழிவிட்டுக் கம்பியைச் சொருகினேன். நகரவில்லை. அன்று மாலைக்குள் மாமாவையும் பத்து தடவை சொருக வைத்துவிட்டேன்.

"முதலில் சாவி, பிறகு கம்பி" என்று சொருகியோடு தரும் குறிப்பில் கொட்டை எழுத்தில் சேர்த்தேன். கம்பியின் முனை உள்ளே போய்ச் சேர்ந்தது தெரிய வேண்டும் என்பதற்காகச் சொருகியின் உடம்பைக் கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக்கில் மாற்றினேன்.

ஆபரேஷன் அன்று சர்ஜன் என்னையும் உள்ளே நிற்கச் சொன்னார். மரத்துப்போக ஊசி மட்டும்தான், அக்காவுக்கு நினைவு இருந்தது. அவள் தலைமாட்டில் நின்றேன்.

சர்ஜன் பழைய பெட்டியைக் கழற்றினார். கழற்றி மாட்டலாம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன், கழற்றியதற்கும் மாட்டுவதற்கும் நடுவில் ஒரு நேரம் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். மானிட்டரில் இதயத்துடிப்பின் சத்தம் ஒன்று. வெகுநேரம் ஒன்றுமில்லை. இன்னொரு சத்தம். புதுப் பெட்டியில் பொருத்தியிருந்த என் சொருகிக்குள் சாவி போனது, கம்பி போனது, முனை தெரிந்தது, திருகு இறுகியது. சத்தம் சீராக வர ஆரம்பித்தது.

அக்கா கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தாள்.

"முடிஞ்சிடுச்சி இல்ல? இப்பவாவது மூச்சு உடுடா."