ஜமீன் கிடாவுக்கு ஊற்றிய மருந்து

மதுரையில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டராக முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். கம்பவுண்டர் என்றால் மிக்சர் கலக்குவான், புண்ணுக்குக் கட்டுப் போடுவான், டாக்டர் ஊரில் இல்லாதபோது டாக்டரைப் போலப் பேசுவான். இந்த மூன்றாவது வேலைதான் ஆளைக் கெடுக்கும். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் "உங்க சர்வீஸ்ல நல்ல கேஸ் ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்று கேட்கிறார்கள். நல்ல கேஸ்களால் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. கெட்ட கேஸ் ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1. துப்புகிற கிடா

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பித்த சமயம். எனக்கு வேலையில் இரண்டாவது வருஷம். ஒரு நாள் காலையில் இபுராகிம் ராவுத்தரும் அவர் சம்சாரம் ரகமத்தம்மாளும் ஒரு கிழட்டுக் கிடாவைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ராவுத்தர் பழைய டவுனில் குடை ரிப்பேர் செய்கிறவர். பிள்ளை குட்டி கிடையாது. கிடாவின் பெயர் ஜமீன். பக்ரீத்துக்கு அறுத்துக் குர்பானி கொடுக்கவென்று குட்டியாக வாங்கியது. பண்டிகைக்கு முதல் நாள் அதற்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. நோய்ப்பட்டதைக் குர்பானி கொடுக்கக்கூடாது என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் கத்தியை எடுக்க ராவுத்தருக்குக் கை வரவில்லை. அப்படியே பன்னிரண்டு வயது ஆகிவிட்டது.

ஆட்டுக்கு அது தொண்டு கிழம். முன்பற்கள் விழுந்துவிட்டன, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. ஆனால் பெயருக்கேற்ற திமிர் மட்டும் குறையவில்லை. கடையில் யாராவது குடையை விரித்தால் தலையைக் குனிந்துகொண்டு முட்ட வரும். டீயை ஆற்றி வைத்தால்தான் குடிக்கும். வெற்றிலைக்குள் மாத்திரையை மடித்துக் கொடுத்தால் வெற்றிலையைத் தின்றுவிட்டு மாத்திரையை நம் காலடியிலேயே துப்பும்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "வயசாச்சு, வயிறு மந்தம். வேற ஒண்ணுமில்ல. மூணு நாளைக்கு மிக்சர் குடுய்யா" என்று என்னிடம் சொன்னார். அன்று மதியமே மாடுகளுக்குப் பரவியிருந்த வெக்கை நோய்க்கு ஊசி போடத் திருமங்கலம் பக்கம் கேம்ப் போய்விட்டார்.

2. நான் சொன்ன வழி

மறுநாள் ரகமத்தம்மாள் மட்டும் வந்தார். முந்தானை முழுக்க மிக்சர் கறை.

"தம்பி, ஊத்துனது அம்புட்டையும் எம்மேலயே துப்பிருச்சு. ரெண்டு நாளா ஒரு தழையக்கூட மோந்து பாக்கல. இந்த மருந்து உள்ள போகாட்டி அது செத்துப் போயிரும் தம்பி" என்று அழுதார்.

வாசலில் மாடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை ஓட்டி வந்த சம்சாரிகள் சத்தம் போடுகிறார்கள். எனக்கு எரிச்சல்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊத்துங்கம்மா, தன்னால முழுங்கிரும். பச்சப் புள்ளைக்குப் பாலாடையில மருந்து ஊத்துறதில்லையா? அது மாதிரிதான்."

"நான் எந்தப் புள்ளைக்கு ஊத்துனேன் தம்பி?" என்றார். கோபமில்லை, சும்மாதான் கேட்டார். "சரி, பக்கத்து வீட்டுல பாலாடை வாங்கி ஊத்துறேன்."

எங்கள் வீட்டில் பிள்ளைகளை மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, பாலாடையைச் சரித்துத்தான் மருந்து ஊற்றுவார்கள். அந்தப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே டாக்டர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். வாயில்லாச் சீவனுக்கு மூக்கை மூடாதே. தலையை அண்ணாத்தாதே. கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடு. இருமினால் உடனே கையை எடு. மூக்கை மூடினால் அது வாயால் மூச்சை இழுக்கும், மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தே கிணற்றில் விழுவது என்பார்கள். நான் விழவில்லை, அந்தம்மாவைப் பிடித்துத் தள்ளினேன்.

3. பொழைக்குமா, பொழைக்காதா

அடுத்த நாள் ராவுத்தரே ஓடி வந்தார். "கம்பவுண்டர் தம்பி, ஒரு எட்டு வாங்க. ஜமீன் ஒரு மாதிரியா நிக்குது."

போய்ப் பார்த்தேன். கிடா சுவரோரம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் படுக்கவில்லை. மூக்கில் நுரை. நெஞ்சில் காதை வைத்தேன். உள்ளே கொரகொர என்று சத்தம். அது விட்ட மூச்சில் என் மிக்சரின் வாடை அடித்தது. எனக்கு விளங்கிவிட்டது. இனி எந்த டாக்டர் வந்தாலும் தேறாது.

ராவுத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மறைக்காம சொல்லுங்க தம்பி. பொழைக்காதுன்னா இப்பவே பிஸ்மில்லா சொல்லி அனுப்பி வச்சிர்றேன். கறிக்காக இல்ல, அல்லா மேல ஆணை. இது துடிக்கிறத என்னால பாக்க முடியல. பொழைக்கும்னா கத்தியத் தொட மாட்டேன். நீங்க சொல்றதுதான்."

பிழைக்காது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் என் வேலை போகும். ஊரில் அப்பா என் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார். இந்த நியாயமெல்லாம் அன்றைக்கு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"பொழைச்சிரும் ராவுத்தரய்யா. நெஞ்சுச் சளிதான். தைலம் தாரேன், தேச்சு விடுங்க."

"அல்ஹம்துலில்லா" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தக் கிடா மூன்று நாள் நின்றபடியே மூச்சுக்குத் திண்டாடியது. கால் மடங்கும்போதெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள். ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மூன்று நாள் வேதனையும் அதற்கு மிச்சமாகியிருக்கும். பாவி நான் சொல்லவில்லை.

4. டாக்டர் கேட்ட கேள்வி

டாக்டர் கேம்ப் முடிந்து வந்ததும் ராவுத்தர் கையோடு அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நாங்கள் போவதற்குச் சற்று முன்புதான் உயிர் போயிருந்தது. டாக்டர் மூக்கையும் வாயையும் பார்த்தார்.

"மருந்த எப்படிம்மா ஊத்துனீங்க?"

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊத்துனேங்க" என்றார் ரகமத்தம்மாள்.

"மூக்கைப் பிடிச்சா? அடப்பாவமே! மருந்து பூரா நெஞ்சுக்குள்ள போயிருச்சே. நீங்களே கொன்னுட்டீங்களேம்மா! யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

அந்தம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து கிடாவின் கண்ணை மூடியபடி, "யாரும் சொல்லலைங்க. நானாத்தான் செஞ்சேன். புள்ள வளத்துப் பழக்கமில்ல" என்றார்.

"நீயாடி?" என்றார் ராவுத்தர். அவ்வளவுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. மருந்துப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன்பின் வெகுகாலம் ராவுத்தர் அந்தம்மா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சொன்னார். அப்போதும் நான் மாத்திரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன்.

தம்பிகளா, இதில் நான் கற்றது இதுதான். கை தவறும். வாய் தவறும். எல்லோருக்கும் வரும். "யார் சொன்னது?" என்று கேட்கும்போது "நான்தான்" என்று சொல்லிவிடுங்கள். அந்த நிமிஷம் தாண்டினால் அப்புறம் வாய் வராது. ராவுத்தர் வீடு ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரம்தான். அவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இருந்த வரைக்கும் நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.